வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு

…தெய்வமாம் மேடம், தெய்வம். என்னைப் போய். 'தம்பி, நீ மனுஷனே இல்லடா, தெய்வம்'ங்கிறா எங்க அக்கா. அதுல முதல் பாதியை முப்பது வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கா. ரெண்டாவது பாதிதான் ஒரு வாரமா புதுசா சேந்திருக்கு. கிளச்சை முழுசா அமுக்குங்க. முழுசா. பாதி அமுக்கிட்டு கியர் போட்டா வண்டி பல்லைக் கடிக்கும். கேட்டுச்சா? அதான். பல்லு டாக்டருக்கே பல்லைக் கடிக்கிறதைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு பாருங்க. ம்… இப்போ விழுந்துச்சு. மெதுவா விடுங்க. மெதுவா… ஆங். போகுது பாருங்க வண்டி.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், அந்த ஆளு மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. எங்க மச்சான். அக்கா வீட்டுக்காரரு. ஆஸ்பத்திரியில கிடக்காரு மேடம், நெஞ்சு வியாதி. வாய்க்குள்ள ஒரு குழாய், குழாய்க்கு அந்தப் பக்கம் மூச்சு விடுற மெஷின். அக்கா உள்ள போனா கையைப் பிடிச்சுக்கிறாரு. அக்கா பையன் போனா தலையை ஆட்டுறாரு. பொண்ணு போனா கண்ணுல தண்ணி விடுறாரு. தரை தொடைக்கிற அம்மா வந்தாக்கூட புருவத்தைத் தூக்கி வணக்கம் வெக்கிறாரு, நானே பாத்தேன். நான் போய் நின்னா? சுவத்தைப் பாக்குறாரு. சுவத்துல என்ன இருக்கு, ஒரு படம் இருக்கா, கடிகாரம் இருக்கா? பச்சை பெயிண்ட் மேடம். வெறும் பச்சை பெயிண்ட். அதைப் போயி அவ்வளவு ஆசையா பாக்குறாரு.

ஊரே என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது, இவரு ஒருத்தருக்கு என்ன கேடு? அக்கா பையன் இருக்கானே, போன வாரம் வரைக்கும் நான் படியேறி வந்தா டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பான். இப்போ என் கையைப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிறான். பொண்ணு ஃப்ளைட் புடிச்சு வந்து இறங்கினதும் பெட்டியை அப்படியே போட்டுட்டு, 'மாமா, நீங்க மட்டும் இல்லைன்னா எங்கப்பா இல்லை'ன்னு ஒரே அழுகை. ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்த டாக்ஸிக்காரரும் பின்னாடி நின்னு கண்ணைத் தொடைக்கிறாரு. அவருக்குக் காசு குடுத்தது நான்தான், அது வேற விஷயம். லெஃப்ட்ல சைக்கிள் வருது, பாத்தீங்களா? பாக்கலை. சரி, இனிமே பாருங்க. கண்ணாடின்னு ஒண்ணு மாட்டி வெச்சிருக்கிறது பொட்டு சரி பண்றதுக்கு இல்லை.

உங்களுக்கு இது நாலாவது கிளாஸ்தானே? பரவாயில்லை, நல்லாவே வர்றீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு கல்லூரி வாத்தியாரு வருவாரு, ஸ்டியரிங்கை ரெண்டு கையால கட்டிப் பிடிச்சுட்டு கண்ணை மூடிக்குவாரு. நீங்க கண்ணைத் திறந்து வெச்சுட்டு பயப்படுறீங்க, அதுவே பெரிய விஷயம். பேச வேண்டாம், பேச வேண்டாம். ரோட்டைப் பாருங்க. உங்க நாற்காலியில உக்காந்தா நான் பேச முடியாது, வாய் நிறைய உங்க கையி இருக்கும். என் வண்டியில உக்காந்தா நீங்க பேச முடியாது. கணக்கு சரியாப் போச்சு.

நேராப் போங்க. அது… ஆமா, அதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கதான் இருக்காரு. அதைப் பாக்காதீங்க மேடம், ரோட்டைப் பாருங்க. இந்த ரோடு நல்ல ரோடு. குழி கிடையாது.

அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் இவ்வளவு அமைதியா கேக்குறீங்க. ஏலம் விடுறவரு மேடம். பழைய கட்டில், பீரோ, சுவர்க் கடிகாரம், வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க விட்டுட்டுப் போற சாமான், எல்லாத்தையும் மேடையில ஏத்தி, 'ஒரு தரம்'னு ஆரம்பிச்சாருன்னா தெருக்கோடியில தூங்குற நாய் எந்திரிச்சு உக்காரும். மைக் கிடையாது. மைக் வாங்கிக்கோங்கன்னு ஒரு தடவை சொன்னதுக்கு, 'எனக்கு எதுக்குடா மைக்கு, வேணும்னா மைக்குக்கு என்னைக் குடு'ன்னாரு. வீட்டுலயும் அதே கூத்துதான். கடைசித் துண்டு கேக்கைக்கூட ஏலம் விட்டுத்தான் குடுப்பாரு. யாரு அதிகமா பாத்திரம் கழுவுறேன்னு சொல்றாங்களோ அவங்களுக்கு. மூணாவது தரம் சொல்லி ஸ்பூனால டம்ளரைத் தட்டிட்டாருன்னா முடிஞ்சுது. அப்புறம் அழுதாலும் மாறாது, சிரிச்சாலும் மாறாது. அந்த வீட்டுல எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

எனக்கு அவரு வெச்ச பேரு என்ன தெரியுமா? முட்டுக்கட்டை. ஏன்னா நான் எதுக்குமே சரின்னு சொன்னது கிடையாது. எங்க அக்காவை அவருக்குக் குடுக்கலாமான்னு எங்கப்பா கேட்டப்ப வேண்டாம்னேன். குடுத்தாங்க. வீடு வாங்கலாமான்னாரு, வேண்டாம்னேன். வாங்கினாரு. சிகரெட்டு வேண்டாம்னேன், அன்னிக்கு என் கண்ணு முன்னாடியே ரெண்டு பத்த வெச்சாரு. என்னைக் கேக்காம எதையும் பண்ண மாட்டாரு மேடம், நான் சொன்னதைக் கேட்டு எதையும் பண்ணதும் கிடையாது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுவாரு. நான் போவேன். போயி சண்டை போடுவேன். சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் சண்டை. அக்கா தட்டை எடுத்துட்டுப் போயி சூடு பண்ணிட்டு வருவா, அதுக்குள்ள அடுத்த சண்டை ஆரம்பிச்சிருக்கும். ஸ்பீட் பிரேக்கர், ஸ்பீட் பிரேக்கர்… கியரைக் குறைங்க… சரி, குதிச்சாச்சு. விடுங்க, வண்டி என்னோடதுதான்.

அந்த சிகரெட்டுதான் நெஞ்சைத் தின்னுடுச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு நின்னு போற மாதிரி ஆகி, இதே குழாயைப் போட்டாங்க. ரெண்டு வாரம். பொழைச்சு வந்தாரு. வந்து கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் சரியாவே பேசலை. அப்புறம் ஒரு நாள் நம்ம வண்டியில ஏறி, இதோ இப்போ நான் உக்காந்திருக்கிற இதே சீட்டுல உக்காந்துட்டு சொன்னாரு. 'டேய், செத்துப்போனாக்கூடப் பரவாயில்லைடா. கையைக் கட்டிலோட கட்டிப் போட்டு, தொண்டையில அதைச் செருகி… ஒருத்தன் பக்கத்துல நின்னு தப்பா பேசினா போடான்னு சொல்ல வாய் இல்லாமக் கிடந்தேன் பாரு, அதான் எனக்குத் தாங்கலை'ன்னாரு. அவ்வளவு பெரிய தொண்டை உள்ள மனுஷன் அதை மெதுவா சொன்னாரு மேடம். எனக்குக் காதுல சரியா விழாத மாதிரி இருந்துச்சு. ஆனா விழுந்துச்சு.

ரவுண்டானா வருது. பயப்படாதீங்க. உள்ள சுத்துறவனுக்கு வழி விட்டுட்டு அப்புறம் நுழைங்க. இல்ல, அவன் வழி விட மாட்டான், அவன் யாருக்கும் வழி விட்டது கிடையாது, மூஞ்சியைப் பாருங்க. ம்… இப்போ. போங்க. சுத்துங்க. முழுசா சுத்திட்டு வந்த வழியே போங்க. ஆமா, வந்த வழியேதான். பயிற்சி மேடம், பயிற்சி.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டு முடிச்சாச்சு. எல்லாரும் மேஜையைச் சுத்தி உக்காந்திருக்கோம், பொண்ணு மட்டும் போன்ல, வெளிநாட்டுல இருந்து. இவரு எந்திரிச்சு நின்னு தொண்டையைக் கனைச்சாரு. கேக்கு ஏதாவது மிச்சம் இருக்கோன்னு நான் பாக்குறேன். 'இன்னிக்கு ஒரு பழைய சாமான் ஏலத்துக்கு வருது'ங்கிறாரு. 'கொஞ்சம் நெஞ்சு அடிபட்ட சாமான். இதுக்கு ஒரு பொறுப்பான ஆளு வேணும். மறுபடி எனக்கு மூச்சு முட்டினா குழாய் போடக் கூடாது. மருந்து குடுங்க, வலி தெரியாமப் பாத்துக்கோங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்க, அவ்வளவுதான். ப்ளக்குல மாட்டி ஓட நான் என்ன மிக்ஸியா? அன்னிக்கு எனக்கு வாய் பேச முடியலைன்னா, என் வாயா நின்னு டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு வேணும். யாரு எடுக்குறீங்க?'

யாரு எடுப்பா? அக்கா, 'நான் சொல்றேங்க'ன்னு சொல்றதுக்குள்ளயே அழ ஆரம்பிச்சுட்டா. 'நீ அழுதுட்டே போடச் சொல்லிடுவே, தள்ளு'ன்னுட்டாரு. பையன் கையைத் தூக்கினான். 'நீயா, உனக்குத் தலைமுடி வெட்டுறவன் எவ்வளவு வெட்டணும்னு கேட்டாலே உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணுவே'ன்னாரு. பொண்ணு போன்ல கத்துது, 'அப்பா, நான் வர்றேன்பா'ன்னு. 'நீ வந்து சேர்றதுக்குள்ள அந்தக் குழாயே துருப்பிடிச்சிடும்'னு வெச்சுட்டாரு. கடைசியா என் பக்கம் திரும்பினாரு. திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. சாமானை விலை போடுற பார்வை. 'இந்த முட்டுக்கட்டைதான் சரி'ன்னாரு. 'இந்த மேஜையில என் மேல பாசம் இல்லாத ஒரே ஆளு இவன்தான். முப்பது வருஷமா எனக்கு எதுக்கும் சரின்னு சொன்னதே இல்லை. ஆனா இவனுக்கு அந்தத் தைரியம் இருக்குமான்னுதான் யோசிக்கிறேன்.'

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? ரோசம் மேடம். 'நான் எடுத்துக்கிறேன்'னுட்டேன். ஒரு தரம்னாரு. அக்கா என்னை முறைக்கிறா. ரெண்டு தரம்னாரு. பையன் எந்திரிச்சுப் போயிட்டான். மூணு தரம், டம்ளர்ல டங்குன்னு ஒண்ணு. எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் மட்டும் சிரிக்கிறோம். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, டாக்டரம்மா முன்னாடி எல்லாத்தையும் சொல்லி, என் பேரை எழுதிக் குடுத்து, கையெழுத்தும் போட்டாச்சு. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நம்மகிட்ட கார் கத்துக்க வர்ற வயசு. ஆனா தெளிவு. அவரை ரெண்டு மூணு விதமா மாத்தி மாத்திக் கேட்டாங்க. அவரு எல்லாத்துக்கும் ஒரே பதில். 'குழாய் வேண்டாம்னா உங்களைக் கைவிட்டுட்டோம்னு அர்த்தம் இல்லை, மத்த எல்லாம் பண்ணுவோம்'னாங்க. அன்னிக்குல இருந்து அந்த வீட்டுல எனக்கு டீகூட ஒழுங்கா வரலை. சர்க்கரை இல்லாம வரும். வாய் திறந்து யாரும் சொல்லலை, ஆனா ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் எழுதி ஒட்டியிருந்துச்சு, இவன் எங்கப்பாவைக் கொல்லப் போறவன்னு.

ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். நீங்க உங்க வேகத்துல போங்க. பின்னாடி எல் போர்டு எவ்வளவு பெருசா மாட்டியிருக்கேன், அதைப் படிக்கத் தெரியாதவன்லாம் என்ன லைசென்ஸ் வாங்கினான்?

போன்… அடிக்கட்டும். அக்காதான். அப்புறம் பேசிக்கலாம். வண்டியில இருக்கிறப்ப நான் போன் எடுக்க மாட்டேன், அது என் பழக்கம். நேத்து எடுத்தேனா? நேத்து அது சும்மா… டயர்க்கடைக்காரன். அவசரம்.

சரி, போன வாரம் என்ன ஆச்சு? ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு ஒரு பழைய தையல் மெஷினுக்காகச் சண்டை போட்டுட்டு இருக்கோம். நல்ல சண்டை. நான் ஜெயிக்கப் போற சண்டை. திடீர்னு பாதி வார்த்தையில நிறுத்திட்டாரு. நான்கூட விட்டுக் குடுக்குறாருன்னு நினைச்சேன். அவரு விட்டுக் குடுக்கலை, மூச்சு விட முடியலை. உதடு நீலமாப் போச்சு. நான்தான் வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனேன். என் வாழ்க்கையில சிக்னலை மதிக்காம போனது அன்னிக்கு ஒரு நாள்தான். அங்க போனா முகத்துல மாஸ்க்கை இறுக்கிக் கட்டிப் பாக்குறாங்க, ஊசி போடுறாங்க, ஒண்ணும் கேக்கலை. கண்ணு மேல போகுது. அக்கா என் சட்டையைப் பிடிச்சுத் தொங்குறா. டாக்டரம்மா வந்து என்கிட்ட மட்டும் தனியா கேட்டாங்க. 'குழாய் வேண்டாம்னு சொல்லியிருக்காரு. அவருக்காகப் பேச வேண்டியவர் நீங்க. அவரு விருப்பம் இன்னும் அதேதானா?'

ஒரே ஒரு ஆமா மேடம். நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இந்த வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குல்ல, பாத்திருப்பீங்க. இருபத்தஞ்சு வருஷமா உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கிறவங்க எதுலயாவது மோதப் போறாங்கன்னா, மூளைக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே காலு அமுக்கிடும். சினிமா தியேட்டர்ல படத்துல வர்ற காருக்குக்கூட அமுக்குவேன், முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாத்துத் திட்டுவான். அன்னிக்கும் அப்படித்தான். நான் யோசிக்கவே இல்லை. 'போடுங்க'ன்னுட்டேன்.

என்ன கேக்குறீங்க? …ஆமா, எழுதிக் குடுத்திருந்தாருதான். …ஆமா, டாக்டரம்மா அதைத் தாண்டிப் போடக் கூடாதுதான். அப்புறம் எப்படிப் போட்டாங்கன்னா… முன்னாடி பாருங்க மேடம், பஸ்ஸு நிக்குது. இண்டிகேட்டர் போட்டு சுத்திப் போங்க. பல்லு டாக்டர்னா வாய்க்குள்ள மட்டும் நோண்டுவீங்கன்னு பாத்தேன், நீங்க எல்லாத்தையும் நோண்டுறீங்க.

அவரு மனசு மாறிட்டாருன்னு சொன்னேன்.

ஆமா. பொய்தான். வாய் கூசாம சொன்னேன். 'போன வாரம்தான் வண்டியில போறப்ப எங்கிட்ட சொன்னாரு டாக்டரம்மா, இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாம்டா, பேரப்புள்ளையைப் பாக்கணும்னாரு'ன்னு, சுருதி கூட்டிச் சொன்னேன். பேரப்புள்ளைன்னு ஒண்ணு பொறக்கவே இல்லை, அதுக்குள்ள அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டேன். 'உறுதியா சொல்றீங்களா?'ன்னு கேட்டாங்க. உறுதியா சொன்னேன். அவங்க மேல தப்பே இல்லை மேடம். அவரு பேர் குடுத்த ஆளு நான். அவரு வார்த்தைன்னு நான் சொன்னா அதை நம்பித்தானே ஆகணும்? அக்காவுக்கும் பசங்களுக்கும் இது வரைக்கும் தெரியாது. அவங்களைப் பொறுத்த வரைக்கும் மச்சானே மனசு மாறிட்டாரு, அதை நல்ல நேரத்துல நான் ஞாபகம் வெச்சு சொன்னேன். அதான் தெய்வம். அதான் டீயில இப்போ மூணு ஸ்பூன் சர்க்கரை.

ஆமா மேடம், மறுபடியும் அதே ஆஸ்பத்திரிதான். ரோடு அப்படிப் போகுது, நான் என்ன பண்ண? மூணாவது தடவையா? எண்ணிட்டா இருந்தீங்க? ரோட்டைப் பாக்கச் சொன்னா…

ரெண்டு நாள் கழிச்சு முழிச்சாரு. முதல்ல குழாயைத் தடவிப் பாக்கக் கையைத் தூக்கினாரு. நர்ஸு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் கண்ணைச் சுத்திச் சுத்தித் தேடினாரு. அக்கா நினைச்சா, தன்னைத் தேடுறாருன்னு. இல்லை. என்னைத் தேடினாரு. கண்டுபிடிச்சு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க… திட்டியிருந்தாத் தாங்கிக்குவேன். முப்பது வருஷத்துல அவரு என்னைத் திட்டாத திட்டா? இது திட்டு இல்லை. ஏமாந்தவன் பாக்குற பார்வை. அவ்வளவுதான், சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு.

எந்தச் சாமானைக் காட்டினாலும் பாத்த உடனே விலை சொல்ற ஆளு மேடம் அவரு. என் விஷயத்துல மட்டும் தப்பா போட்டுட்டாரு. அவரு மேல பாசம் இல்லாத ஒரே ஆளாம் நான். சாப்பிட வரச் சொல்லிட்டு முப்பது வருஷமா ஒரு ஆளோட சண்டை போட்டுட்டு இருந்தா, அதுக்குப் பேரு என்னவாம்? எனக்குப் பொண்டாட்டி இல்லை, புள்ளை இல்லை. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் நான் என்ன பண்றேன்னு நினைக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை அவரை எப்படி மடக்கலாம்னு யோசிச்சுட்டு இருக்கேன். அவரு போயிட்டா நான் யாரோட போயி சண்டை போடுறது, டயர்க்கடைக்காரனோடயா? அவன் எது சொன்னாலும் 'சரிங்கண்ணே'ங்கிறான்.

கியர் மாத்துங்க, வண்டி திணறுது.

நேத்துதான் வசமா மாட்டிக்கிட்டேன். டாக்டரம்மா எல்லாரையும் கட்டில் பக்கத்துல நிக்க வெச்சு சொன்னாங்க. நாளைக்கு, அதாவது இன்னிக்கு, குழாயை எடுக்கப் போறாங்களாம். எடுத்தா தானா மூச்சு விடலாம், விடாமலும் போகலாம். விடலைன்னா மறுபடி குழாய் போடணுமா, வேண்டாமா? போட்டா இந்தத் தடவை கழுத்துல ஓட்டை போட்டு, மாசக் கணக்குல மெஷினோட இருக்க வேண்டி வரலாம்னாங்க. அவருகிட்டயே கேட்டாங்க. அவரு தலையை ஆட்டினாரு, வேண்டாம்னு. சின்னதா ஒரு பலகையைக் குடுத்தாங்க, அதுல கோணல் மாணலா எழுதியும் காட்டினாரு. முடிஞ்சுதுல்ல விஷயம்? முடிஞ்சிருக்கணும்.

அக்கா விடலை. 'அவரு மருந்து மயக்கத்துல எழுதுறாரு டாக்டர். நல்லா தெளிவா இருந்தப்ப என் தம்பிகிட்ட வேற மாதிரி சொல்லியிருக்காரு. பேரப்புள்ளையைப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. என் தம்பி பொய் சொல்ல மாட்டான், அவனைக் கேளுங்க.' பையனும் ஆமாங்கிறான், பொண்ணும் ஆமாங்குது. அவரு படுத்துக்கிட்டே தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு மேடம். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு. யாரும் அதைப் பாக்கலை. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. அவரு கண்ணு முன்னாடி, அவரு வார்த்தையை விட என் பொய்க்கு மதிப்பு கூடிப்போச்சு. போடான்னு சொல்லவும் அவருக்கு வாய் இல்லை.

நான் என்ன சொன்னேனா? டாய்லெட் போயிட்டு வர்றேன்னு சொன்னேன். போனேன். அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்.

டாக்டரம்மா அப்புறம் போன் பண்ணாங்க. 'அவரு என்ன நினைக்கிறாருங்கிறதுதான் எங்களுக்கு முக்கியம். அவரு உங்ககிட்ட சொன்னதா நீங்க சொன்னது மட்டும்தான் குறுக்க நிக்குது. பதினொரு மணிக்கு வந்து, அவரு முன்னாடி, குடும்பத்து முன்னாடி, என்ன சொன்னாருங்கிறதைச் சொல்லிடுங்க. அதுக்கு அப்புறம்தான் குழாயை எடுப்போம்'னாங்க. குறுக்க நிக்குதாம். பாருங்க, அந்தப் பொண்ணும் எனக்கு அதே பேரைத்தான் வெக்குது.

பதினொண்ணுக்குத்தான் உங்க கிளாஸு முடியுது. முடியலைன்னா இன்னும் ஒரு மணி நேரம்கூட ஓட்டலாம், நான் எக்ஸ்ட்ரா எதுவும் கேக்க மாட்டேன். ரிவர்ஸ் எடுக்கக் கத்துத் தர்றேன். மேட்டுல நிறுத்தி எடுக்கிறது உங்களுக்கு இன்னும் வரலை…

நீங்களே சொல்லுங்க மேடம். உண்மையைச் சொன்னா எங்க அக்கா என்ன பண்ணுவா? குழாய் இல்லாம அவரு மூச்சு விட்டுட்டாருன்னா, பொய் சொன்னவன்னு ஆறு மாசம் பேச மாட்டா. அதை நான் சமாளிச்சுக்குவேன். விடலைன்னா? கடைசி வரைக்கும் அவ கண்ணுக்கு நான்தான் அவ புருஷனைக் கொன்னவன். எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடுதான். அந்தக் கதவும் மூடிடும். வாயை மூடிட்டு இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லை. கழுத்துல ஓட்டையைப் போடுவாங்க, மெஷின் மூச்சு விடும், நான் ஞாயித்துக்கிழமை போயி பக்கத்துல உக்காந்து… என்ன பண்ணுவேன்? அவரு பச்சை பெயிண்டைப் பாப்பாரு. நான் அவரு முதுகைப் பாப்பேன். யாரைக் காப்பாத்தினேன் நான்? சண்டை போட ஆளு வேணும்னு பண்ணேன், இப்பவே அந்த ஆளு அங்க இல்லையே.

நேரா. நேராப் போங்க, சிக்னல் பச்சையிலதான் இருக்கு. மேடம்? எதுக்கு இண்டிகேட்டர் போடுறீங்க? ரைட்டு வேண்டாம், அது ஆஸ்பத்திரி கேட்டு. நான் நேராத்தானே சொன்னேன்? மேடம், எதிர்ல வண்டி… சரி, அவனை விட்டுட்டீங்க. கியர் குறைச்சீங்க. கண்ணாடியையும் பாத்தீங்க. வாட்ச்மேன் அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க, எல் போர்டு… அடடா. நாலு கிளாஸ்ல இப்படி ஒரு திருப்பம் நீங்க போட்டதே இல்லை. ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல நிறுத்தாதீங்க. அந்த மரத்துக்கு அடியில. ஹேண்ட் பிரேக். ம்.

ஏன் மேடம் இஞ்சினை நிறுத்திட்டீங்க? சாவியைக் குடுங்க. குடுங்க மேடம், என் வண்டி சாவி. …பைக்குள்ள போடுறீங்களா? நல்லா இருக்கே நியாயம். …இறங்க மாட்டீங்களா? நான் போயிட்டு வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பீங்களா? உங்க கிளினிக்ல பல்லைப் பிடிச்சுக்கிட்டு ஆளுங்க காத்துட்டு இருக்க மாட்டாங்களா?

…காத்திருக்கட்டும்ங்கிறீங்க. சரி.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை மேடம். பொய் சொன்னப்ப பேரப்புள்ளை வரைக்கும் சரளமா வந்துச்சு. இதோ, எங்க அக்கா பாத்துட்டா. வாசப்படியிலேயேதான் நின்னுட்டு இருந்திருக்கா போல. கையில சாப்பாட்டு டப்பா பாருங்க, எனக்குத்தான். ஒரு வாரமா தினமும் எனக்குத்தான் கொண்டு வர்றா. ஓடி வர்றா பாருங்க, முட்டி வலியை வெச்சுக்கிட்டு. கதவு எந்தப் பக்கம் திறக்கும்… என் வண்டிக் கதவே எனக்குத் தெரியலை.

மெதுவா வாக்கா, விழுந்துடாதே. …போன் எடுக்கலை, ஆமா. கிளாஸ்ல இருந்தேன். …இல்லக்கா, பசிக்கலை. டப்பாவை அப்புறம் குடு. குடுக்கணும்னு உனக்குத் தோணுச்சுன்னா குடு. …டாக்டரம்மா வந்தாச்சா? பசங்களும் உள்ளதான் இருக்காங்களா? சரி, போகலாம். இரு, உள்ள போறதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு சொல்லணும். உனக்குத்தான் முதல்ல சொல்லணும். கையை விடு. விட்டுட்டுக் கேளு.

வண்டியில போறப்ப மச்சான் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலக்கா. பேரப்புள்ளையைப் பத்தியும் சொல்லலை. அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். அவரு மனசு மாறவே இல்லை. நேத்து படுத்துக்கிட்டு தலையை ஆட்டினாருல்ல, அதான் அவரு சொன்னது, எப்பவுமே அதைத்தான் சொன்னாரு. எனக்கு அவரை விட மனசு வரலை, அதான் அப்படிச் சொல்லிட்டேன்.

…அடி. இன்னொண்ணும் அடி. அடிச்சுட்டு வாக்கா. அவரு உள்ள காத்துட்டு இருக்காரு.